மாப்பிள்ளை கைகாட்டிய ஹோட்டல்

சங்கரன்கோவில்,
தை மாதம், கரிநாளுக்கு மறுநாள்.

என்றைக்கும் மஞ்சள் குங்குமத்தோடு மகராசியாக வாழவேண்டிய சம்பந்தி ராஜகுமாரிக்கு, உங்கள் மருமகள் யோகலட்சுமியின் அப்பாவைப் பெற்ற முத்துமாரியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே கோமதியம்மன் புண்ணியத்தில் நானும், என் மகன் குருநாதனும், மருமகள் சுமதியும், தலைப் பொங்கலுக்கு வந்திருக்கும் உங்கள் மகன் அருண்பாண்டியனும், என் பேத்தி யோகாவும் சௌக்கியம். என் முட்டுவலியும் சௌக்கியமாக என்னோடேயே இருக்கிறது. அதுபோல வாசுதேவநல்லூரில் நீங்களும், உங்கள் வீட்டுக்காரரும், புதிதாகக் கன்று போட்டிருக்கும் பசுவும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கிழவி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் குருநாதன் ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவான், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சுமதி நாலு வார்த்தை திருத்துவாள், யோகா நடுவில் சிரிப்பாள், விஷயம் உங்கள் காதுக்கு வந்து சேரும்போது வேறு விஷயமாகிவிடும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஹெலன் டீச்சர் மற்ற பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து, "இவளைப் பாத்து எழுதுங்க" என்று சொன்னதை இன்றைக்கும் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. அதனால் எழுத்தில் நம்பிக்கை வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் உங்கள் மகன் முற்றத்தில் நின்று உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், காதைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியவில்லை. "மத்தியானம் கல்யாண வீட்டுல சாப்பிட்டேம்மா" என்றார். யார் வீட்டுக் கல்யாணம் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். "நமக்குத் தெரியாதவங்கம்மா" என்றார். அத்தோடு போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. மாமியார் வீட்டுக்குத் தலைப் பொங்கலுக்குப் போன பிள்ளை, முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் கைநனைத்திருக்கிறான் என்றால் பெற்றவள் என்ன நினைப்பாள். அந்த வீட்டில் அடுப்பு இல்லையா, அரிசி இல்லையா, இல்லை மனசுதான் இல்லையா என்று நினைப்பாள். நாளைக்கு என் பேத்தி உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது நீங்கள் "வா" என்று சொல்லுகிற குரல் ஒரு இழை இறங்கினாலும் அவள் தாங்கமாட்டாள், அவளைவிட நான் தாங்கமாட்டேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி, பிள்ளைகள் கொண்டுவருகிற முறுக்கு டின்னுக்குள் வைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் டின்னைத் திறந்து படித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முதல் காரணம் நீங்கள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நாங்கள் வந்தபோது எங்கள் எல்லோரையும் ராஜபாளையத்தில் குளுகுளு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனீர்கள். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் வந்து நின்று, "உங்களுக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு ராத்திரி திரும்பி வரும்போதே குருநாதன் சொல்லிவிட்டான், தலைப் பொங்கலுக்கு மாப்பிள்ளையை இதைவிட ஒரு படி மேலே கொண்டுபோய் உட்காரவைக்காவிட்டால் நான் சங்கரன்கோவில்காரன் இல்லை என்று. அதோடு சுமதியும் பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் அடுப்படியிலேயே கிடந்து முகம் கறுத்துப்போய், "அத்தை, கரிநாளைக்கு நான் அடுப்பைப் பத்தவைக்கமாட்டேன்" என்றாள். வேறு மாமியாராக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். நான், "நல்லதுதான் தாயி, நானும் ஒருநாள் ஏசியில உக்காருதேன்" என்று சொல்லிவிட்டேன். இது உங்கள் காதுக்கு இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், பெருமைக்கு இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைப் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை வாய் திறந்து எதைக் கேட்டாலும் மறுபேச்சு இல்லாமல் செய்துவிட வேண்டும். என் நாத்தனார் மாப்பிள்ளை வண்டிமாட்டில் ஒரு மாட்டைக் கேட்டார். கொடுத்தோம். மிச்சமிருந்த ஒற்றை மாட்டுக்குச் சோடி தேடி என் மாமனார் பனவடலிசத்திரம் வரை இரவலுக்கு அலைந்தார், ஆனாலும் கொடுத்தோம். கேட்கிற மாப்பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியும். கேட்காத மாப்பிள்ளையை என்ன செய்வது என்று எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் தெரியாது. அங்கேதான் வந்தது வினை.

காலையில் குருநாதன் குளித்து, கைக்கடிகாரம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்து, "மாப்ள, மத்தியானம் எங்கன போகலாம், நீங்க சொல்லுங்க" என்றான். உங்கள் மகன் எழுந்து நின்றுகொண்டு, "உங்க இஷ்டம் மாமா, எனக்கு எங்கன்னாலும் சரி" என்றார். என்ன மரியாதை, என்ன வளர்ப்பு என்று எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. ஆனால் வயிறு நிறையவேண்டுமே. குருநாதன் சுமதியிடம் போய்க் கேட்டுச் சொல்லச் சொன்னான், சுமதி யோகாவை அனுப்பினாள், யோகா போய்க் கேட்டால் "மாமா எங்க சொன்னாலும் ஓகே" என்று அதே பதில் அதே வழியில் திரும்பி வந்தது. அப்புறம் யோகா போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோட்டலுக்கும் எத்தனை நட்சத்திரம் என்று வாசித்தாள். எனக்குத் தெரிந்து நட்சத்திரம் பார்ப்பது கல்யாணத்துக்குத்தான், இப்போது குருமாவுக்கும் பார்க்கிறார்கள். ஒரு கடையில் குருமா உப்பு என்று யாரோ எழுதியிருந்தாளாம். அவள் எந்த ஊர்க்காரி, அவள் வீட்டில் எப்படிச் சமைப்பாள் என்று கேட்டேன். அதெல்லாம் போனில் போடுவதில்லையாம். அப்புறம் எதை நம்பி அவள் நாக்கை நம்புவது. "நீங்க எல்லாரும் சும்மா இருங்க, வண்டியை எடுக்கச் சொல்லு, ஒவ்வொரு கடை முன்னாலயும் நிப்பாட்டுவோம். மாப்பிள்ளை முகத்தைப் பாத்து நான் சொல்லுதேன்" என்றேன். ஒருத்தர் முகத்தைப் பார்த்தே பசியா கோபமா என்று சொல்லிவிடுகிற ஆள் நான். ஊரறிந்த விஷயம்.

வண்டி ஓட்ட வந்தவன் எங்கள் தெரு சுடலைராஜ். மாப்பிள்ளையை முன்னால் உட்காரவைத்தால் முகம் தெரியாது என்று என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன்.

முதலில் ஊருக்குள்ளேயே பேர்போன பிரியாணிக் கடைக்குப் போனோம். கரிநாள் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் இடம் பிடித்து நிற்கிறார், அவருக்குப் பின்னால் அவர் குடும்பம் நிற்கிறது, முன்னால் இருக்கிறவர் எலும்பை எடுத்தால் இவர்கள் எல்லோரும் அந்த எலும்பையே பார்க்கிறார்கள். நாங்களும் ஒரு குடும்பத்துக்குப் பின்னால் போய் நின்றோம். கடைசியில் அவர்கள் எழுந்தார்கள். குருநாதன், "உக்காருங்க மாப்ள" என்றான். உங்கள் மகன், "நீங்க உக்காருங்க மாமா" என்றார். "அதெப்படி, நீங்க முதல்ல" என்று இவன். "பெரியவங்க நிக்கும்போது எப்படி மாமா" என்று அவர். இப்படி இவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருக்கும்போது, குருவிகுளம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இடையில் புகுந்து உட்கார்ந்து தண்ணீரும் குடித்துவிட்டது. அந்த நேரத்தில் உங்கள் மகன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் பார்த்துவிட்டேன். "மாப்பிள்ளைக்கு இந்த இடம் பிடிக்கலை, கிளம்புங்க" என்றேன். அவர், "இல்ல ஆச்சி" என்று என்னவோ சொல்ல வந்தார். பாவம், நமக்காகப் பொறுத்துப் போகிறார் என்று அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

அடுத்து சைவ ஹோட்டல். ஏசி இருந்தது, இடமும் இருந்தது. குருநாதன் போர்டைக் காட்டி, "இங்கன பாப்போமா மாப்ள" என்றதற்கு உங்கள் மகன் "ம்" என்றார். அந்த "ம்" தொண்டையிலிருந்து வரவில்லை, மூக்கிலிருந்து வந்தது. மூக்கிலிருந்து வந்தால் சம்மதம் இல்லை. அதுவுமில்லாமல் ஊரே கறி தின்கிற கரிநாளும் அதுவுமாகத் தலைப் பொங்கல் மாப்பிள்ளைக்குச் சாம்பார் ஊற்றினார்கள் என்று வாசுதேவநல்லூரில் பேச்சு வரக்கூடாது பாருங்கள். சுமதி மட்டும் அந்தக் கண்ணாடிக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

அப்புறம் திருநெல்வேலி ரோட்டில் புதிதாகத் தோட்டமெல்லாம் போட்டு, கீற்றுக் குடிசை குடிசையாக வைத்திருக்கிற ஒரு ஹோட்டல். ஒரு குடிசைக்குள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. மெனு அட்டையைக் கொண்டு வந்து வைத்தான். குருநாதன் அதைத் திறக்காமலே மாப்பிள்ளை பக்கம் தள்ளினான். மாப்பிள்ளை அதைத் தொட்டுக் கும்பிட்டதுபோல் மாமா பக்கம் திருப்பித் தள்ளினார். அட்டை மேசையில் போய்ப்போய் வந்ததே தவிர ஒருத்தரும் பிரிக்கவில்லை. ஆர்டர் எடுக்க வந்த பையன் வருவான், நிற்பான், போவான். கடைசியில் யோகா முழங்கையால் இடிக்கவும் உங்கள் மகன், "எனக்கு ஒரு லெமன் சோடா" என்றார். உடனே குருநாதன், "எனக்கும் அதுவே" என்றான். மாப்பிள்ளை ஒன்று சொல்ல நாம் வேறு சொன்னால் மரியாதையாக இருக்காது என்று சுமதியும் அதையே சொன்னாள், நானும் அதையே சொன்னேன். யோகா தலையில் கையை வைத்துக்கொண்டாள். வெளியே வண்டியில் இருந்த சுடலைராஜுக்கும் சோடாதான் போயிற்று. அதைக் குடித்தபிறகு இனி யார் முதலில் சாப்பாடு சொல்வது என்று மறுபடி எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒருத்தரும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டோம். ஏற்கெனவே பசி, அதில் சோடா போய் விழுந்தால் எப்படி இருக்கும். வயிற்றுக்குள் பம்புசெட் ஓடினமாதிரி இருந்தது.

"ஆச்சி, டீசல் தீருததுக்குள்ள மாப்பிள்ளைக்கு வாய் திறக்குமா, இல்ல நான் அங்கன பங்க்ல ஒருதடவை நிப்பாட்டட்டுமா" என்று சுடலைராஜ் கேட்டான். அவனை ஒரு அதட்டு அதட்டி, ஓட்டச் சொன்னேன். பனவடலிசத்திரத்தில் தனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, கறிக்குழம்பு வாயிலேயே நிற்கும் என்றான் குருநாதன். போனால் ஷட்டர் இறக்கிக் கிடக்கிறது. வழியில் இருக்கிற போர்டையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வருவது என் வழக்கம், அதையும் வாசித்தேன். பொங்கலை முன்னிட்டு மூன்று நாள் விடுமுறை என்று எழுதி, கீழே வாடிக்கையாளருக்கு வாழ்த்தும் போட்டிருந்தான். வாழ்த்தை வைத்து என்ன செய்ய.

அங்கேதான் தாயி எனக்குப் பகீரென்று ஆனது. வண்டி மறுபடி கிளம்பியதும் யோகா உங்கள் மகனைப் பார்த்துத் திரும்பினாள். "காலையில இருந்து எல்லாரும் உங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க. இன்ன இடம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன" என்றாள். அவர், "நான் என்ன சொன்னாலும் உங்க அப்பாவுக்குச் சிரமம்" என்றார். "இப்ப மட்டும் சிரமம் இல்லாமலா இருக்கு" என்று இவள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், இவள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அதுவரை அவர்கள் முகம் திருப்பி நான் பார்த்ததில்லை. நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கம் பார்த்தாலும் கழுத்து, அந்தப் பக்கம் பார்த்தாலும் கழுத்து. என் முகம் பார்க்கிற கெட்டிக்காரத்தனம் எல்லாம் அங்கே என்னத்துக்கு ஆகும். ஒரு நேரச் சோற்றுக்காக இரண்டு பிள்ளைகளும் மனசு முறிந்து உங்கள் வீட்டுக்கு வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்லுவேன் என்று கோமதியம்மனுக்கு ஒரு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

நேர்ந்து வாய் மூடவில்லை, பிரியாணி வாசம் வந்தது. ஊர் தாண்டி ரோட்டோரம் ஒரு பெரிய கட்டிடம், பட்டப்பகலில் சீரியல் பல்பு எரிகிறது, பக்கவாட்டில் கொட்டகை போட்டு அண்டா அண்டாவாக இறக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையைக் காட்டி, "வாங்க வாங்க, வண்டியை உள்ள விடுங்க, சாப்பாடு நடந்துக்கிட்டு இருக்கு" என்றார். "புதுசா திறந்திருக்கான் போல" என்றான் குருநாதன். அப்போதுதான் உங்கள் மகன் ஜன்னலைவிட்டுத் திரும்பினார். "மாமா, இங்கேயே சாப்பிடலாம்" என்றார். தெளிவாக, தொண்டையிலிருந்து. மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டார், இனி அது மலையாக இருந்தாலும் இறங்கிவிட வேண்டியதுதான். இதை மட்டும் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைக் கைகாட்டியது உங்கள் மகன்.

கரிநாளில் நாங்கள் ஒரு நல்ல காரியமும் வைக்கமாட்டோம், ஒரு முளைக்குச்சி கூட நடமாட்டோம். அதனால் அது கல்யாண வீடாக இருக்கும் என்று எங்கள் யார் புத்தியிலும் தட்டவில்லை. எல்லோருக்கும் லீவு கிடைக்கிற நாள் என்று பாய் வீட்டு ஆட்கள் அன்றைக்குத்தான் வைப்பார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள். நட்சத்திரம் போடுகிற காலத்தில் ஹோட்டலில் பன்னீரும் தெளிப்பார்கள் என்று நினைத்தேன். ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம் என்று பிரித்து அனுப்பினார்கள். சுமதி, "எவ்வளவு ஒழுங்கா நடத்துதாங்க பாருங்க அத்தை" என்று மெச்சினாள். உட்கார்ந்தோம். ராஜகுமாரி, என்ன வேண்டும் என்று ஒருத்தர் கேட்கவில்லை, ஒரு அட்டையை யாரும் நீட்டவில்லை. இலையைப் போட்டார்கள், பிரியாணியைக் குவித்தார்கள், தால்சா ஊற்றினார்கள், தயிர் வெங்காயம் வைத்தார்கள், ஓரத்தில் பிரெட் அல்வா. அடுப்படிப் புகை பார்க்காமல், யாருக்கும் பரிமாறாமல், தலையைக் குனிந்து சுமதி சாப்பிட்டதைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருந்தது.

என் வயசு அம்மா ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இலையில் தன் கையாலேயே இன்னொரு கறித்துண்டை வைத்தாள். பேர் கதீஜம்மாள் என்றாள். முதலாளியம்மாவாக இருக்கும், நல்ல கைராசி, கடை ஓகோவென்று வரும் என்று நினைத்துக்கொண்டேன். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா" என்று கேட்டாள். என்ன கூர்மை, பார்த்ததும் தலைப் பொங்கல் குடும்பம் என்று கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியம். "பொண்ணு வீடுதான் தாயி, சங்கரன்கோயில்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "நாங்களும் பொண்ணு வீடுதான், சங்கரன்கோயில்ல யாரு வழி" என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் ஆண்கள் பக்கமிருந்து குருநாதன் குரல் கேட்டது. பரிமாறின பையனிடம் பில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். பையன் விளங்காமல் முழித்திருக்கிறான். இவன் பர்சைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, என் மாப்பிள்ளைக்குத் தலைப் பொங்கல், உனக்கும் சேத்தே எடுத்துக்கோ" என்று ஊர் கேட்கச் சொல்ல, தாடி வைத்த பெரியவர் ஒருத்தர் வந்து இவன் தோளில் கையைப் போட்டு, "நிக்காஹ் விருந்துக்கு எவன் அண்ணாச்சி பில்லு போடுவான்" என்றாராம்.

எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. கூப்பிடாத வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பம் எங்கள் தெருவிலேயே கிடையாது. அதுவும் தலைப் பொங்கல் மாப்பிள்ளையோடு. கதீஜம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, ஹோட்டல் என்று நினைத்து வந்துவிட்டோம், மன்னிச்சிருங்க என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், லெமன் சோடா உள்பட. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமே வராமல் உடம்பு குலுங்க, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அது கிடக்கட்டும், சாப்பாடு எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

திருட்டுச் சாப்பாடு சாப்பிட்டவளுக்கு நல்லா இருக்கு என்று சொல்லுவதுதான் முறை. ஆனால் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. "கறி பஞ்சா வெந்திருக்கு தாயி. உப்புதான் ஒரு கை குறையுது" என்றேன்.

கதீஜம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "காலையில இருந்து இதைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்லுதேன். இந்தக் கிழவிக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லுதான் என் மகன். ஏலே, இங்கன வா. சங்கரன்கோயில்ல இருந்து ஆள் வந்து சொல்லுதாங்க, கேட்டுக்கோ" என்று தாடிக்காரப் பெரியவரைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தி, என்னை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதற்குமேல் அவள் என் கையை விடவில்லை. "தலைப் பொங்கல் மாப்பிள்ளை எங்க வீட்டு விருந்துல கைநனைச்சிருக்காரு. எங்க பொண்ணுக்கு அது நல்லது" என்று சொல்லி, மணப்பெண் ஆயிஷா சித்திகாவை வரவழைத்து, என்னை ஆசீர்வாதம் பண்ணச் சொன்னாள். வெறுங்கையோடு எப்படி. நல்ல வேளையாகக் குருநாதன் வழியில் வாங்கிப்போட்ட பனங்கிழங்குக் கட்டு வண்டியில் கிடந்தது, அதைக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பிள்ளை கையில் கொடுத்தேன். பட்டுச் சேலையோடு பனங்கிழங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோவுக்கும் நின்றாள். புறப்படும்போது ஒரு வாளி நிறையப் பிரியாணியைச் சுடலைராஜ் மடியில் வைத்துவிட்டார்கள். அவன் அதைச் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவந்தான்.

வண்டி கிளம்பியதும் குருநாதன்தான் முதலில், "மாப்ள, உங்களை இப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேனே" என்றான். உங்கள் மகன் மெதுவாக, "இல்ல மாமா, எனக்கு இறங்குறதுக்கு முன்னாலயே தெரியும். வாசல்ல மாப்பிள்ளை பொண்ணு பேர் எழுதி வச்சிருந்தாங்க" என்றார். போர்டெல்லாம் வாசிக்கிற நான் அதை மட்டும் வாசிக்காமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

யோகா திரும்பினாள். "தெரிஞ்சுமா உள்ள போவோம்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "காலையில இருந்து எல்லாரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. துடைச்சா ஒரு அர்த்தம், இருமுனா ஒரு அர்த்தம். அங்கன போனா பாக்குறதுக்கு வேற மாப்பிள்ளை இருக்காரு, நான் நிம்மதியாச் சாப்பிடலாம்னு தோணுச்சு" என்றார்.

யோகா வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. அவள் சிரித்ததில் அவரும் சிரித்து, நடுவில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி அவள் அவர் தோளில் ஒரு அடி அடித்தாள். நான் இடம் மாறி உட்காருகிறேன் என்று சொல்லி ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டுப் போர்டுகளை வாசித்துக்கொண்டே வந்தேன், சத்தம் போடாமல்.

இதுதான் ராஜகுமாரி நடந்தது. உங்கள் மகனை நாங்கள் பட்டினி போடவில்லை. பார்த்துப் பார்த்தே அவரைக் களைக்கவைத்துவிட்டோம், அதுதான் எங்கள் தப்பு. நேற்று ராத்திரி வாளியைச் சுற்றி உட்கார்ந்து மிச்சப் பிரியாணியைச் சாப்பிடும்போதே வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டேன். இனி எங்கள் வீட்டில் "உங்க இஷ்டம்" "எங்கன்னாலும் சரி" என்கிற பேச்சே கூடாது. யாருக்கு என்ன வேண்டுமோ அவரவர் வாய் திறந்து சொல்லவேண்டும், சின்னவர் பெரியவர் வித்தியாசம் இல்லை. சுமதி உடனே, "எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு ஹோட்டல் சாப்பாடு" என்றாள். பாருங்கள், எத்தனை நேரம் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். பிள்ளைகள் மறுபடி வரும்போது அங்கேதான் போகிறோம்.

நீங்களும் என் பேத்தியை வழக்கம்போல் முழுக் குரலில் வா என்று கூப்பிடவேண்டும். உங்கள் மகனுக்கு உண்மையில் என்னதான் பிடிக்கும் என்பதையும் ஒரு வரி எழுதி அதே டின்னில் திருப்பி அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு என் கும்பிடு. பசுவுக்கும் கன்றுக்கும் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பும் உங்கள் சிரித்த முகமும் ஒருநாளும் அணையக்கூடாது என்று கோமதியம்மனை வேண்டிக்கொள்கிற,

முத்துமாரியம்மாள்.

பின்குறிப்பு: இதை மடித்து டின்னுக்குள் வைக்கப் போகும்போது யோகா போனோடு ஓடி வந்தாள். நீங்கள் லைனில் இருந்தீர்களாம். நேற்று ராத்திரியே போனுக்குச் சார்ஜ் ஏற்றி உங்கள் மகன் எல்லாவற்றையும் சொல்லி, நீங்களும் வீட்டுக்காரரும் சிரித்துச் சிரித்துத் தூங்கவே இல்லையாமே. அப்படியானால் இவ்வளவு எழுதினது வீண். இருந்தாலும் கையெழுத்துக்காகப் படியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சங்கரன்கோவில் வருகிறீர்கள், எங்களை வெளியே சாப்பிடக் கூட்டிப் போகிறீர்கள், ஆச்சிக்கு எங்கே பிடிக்கும் என்று கேட்டுச் சொல் என்றீர்களாம். "எனக்கு எங்கன்னாலும் சரிட்டி, அவங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். பின்னே, வரப்போகிறவர்களிடம் நாமாக இன்னது வேண்டும் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, "ஆச்சிக்குப் பிரியாணிம்மா, இந்த ஊர்ல நேத்து இடம் கிடைக்காத அதே கடையிலயே. கறித்துண்டு ரெண்டு கூட வைக்கச் சொல்லணும்" என்றார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கவேண்டி வரும், சீக்கிரமாக வந்துவிடுங்கள்.